குட்டி சிலிண்டருக்குள் 100 லிட்டர் காற்று!

பாட்டரி பெட்டி செய்யும் வேலை

சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா? அடித்து முடித்ததும் பம்பைத் தொட்டுப் பாருங்கள். சுடும்! காற்றை நெருக்கினால் சூடு பிறக்கும்.

இந்தச் சிறிய விஷயத்தை மறந்தால், கடலில் மூழ்குகிறவரின் உயிருக்கே ஆபத்து வரலாம்.

அரை லிட்டர் புட்டி

தண்ணீருக்கு அடியில் மூச்சு விடுவதற்குக் கைக்கு அடக்கமான சிலிண்டர்கள் விற்கின்றன. தண்ணீர் ஊற்றினால் அரை லிட்டர்தான் பிடிக்கும். ஆனால் அதற்குள் 100 லிட்டர் காற்றை அடைக்கிறார்கள்!

கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய 100 மடங்கு அழுத்தம் அது. ஒரு சதுர அங்குல இடத்தில் 1,300 கிலோ எடையை ஏற்றி வைத்ததற்குச் சமம்.

உள்ளே இருப்பது பிராண வாயு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். தனிப் பிராண வாயுவை ஆழத்தில் சுவாசித்தால் வலிப்பு வரக்கூடும்.

எத்தனை நிமிடம்?

நீந்தும் மனிதருக்கு நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் காற்று வேண்டும். எனவே, நீர்மட்டத்தில் 5 நிமிடம் வரும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே இரண்டரை நிமிடத்தில் தீர்ந்துவிடும்!

காற்று அடைப்பது எப்படி?

காலியான சிலிண்டரை நிரப்ப, பாட்டரியில் ஓடும் சிறிய 'கம்ப்ரசர்' இருக்கிறது. தூக்கிச் செல்லலாம். காற்றை ஒரே மூச்சில் நெருக்காமல், படிப்படியாக நெருக்கும்.

முதலில், சிலிண்டரில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் பார்க்க வேண்டும். நசுங்கியிருந்தால் தொடக்கூடாது.

பிறகு குழாயை மாட்டி, பெட்டியை ஓட விடுவார்கள். காற்றோடு ஈரமும் சேரும். அதை அவ்வப்போது திறந்து வெளியேற்ற வேண்டும். குறித்த அளவை முள் தொட்டதும் நிறுத்த வேண்டும். குழாயில் மிஞ்சிய காற்றை வெளியே விட்ட பிறகே கழற்ற வேண்டும். இல்லாவிட்டால், குழாய் பாம்புபோலச் சீறி அடிக்கும்!

சிலிண்டர் ஆறியதும் முள் சற்று இறங்கும். சூட்டில் கூடியிருந்த அழுத்தம் குறைவதே காரணம்.

கண்ணுக்குத் தெரியாத எமன்

பாட்டரிக்குப் புகை இல்லை. அதனால் பயம் இல்லை என்று எண்ணி விடாதீர்கள். பக்கத்தில் ஒரு கார் ஓடிக்கொண்டிருந்தால், அதன் புகையைப் பெட்டி உறிஞ்சிவிடும். பெட்டி அளவுக்கு மீறிச் சூடானால், உள்ளே இருக்கும் எண்ணெயும் கருகும்.

இரண்டிலும் பிறப்பது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தண்ணீருக்குள் மயங்கினால் என்ன ஆகும்?

சில பெட்டிகள் காற்றுத் துப்பாக்கிக்காகச் செய்யப்பட்டவை. மூச்சுக்காற்றுக்கு உரிய வடிகட்டி அவற்றில் இராது. வாங்குவோர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

மூச்சை அடக்காதீர்!

மேலே வரும்போது மூச்சை அடக்கக்கூடாது. நுரையீரலில் உள்ள காற்று விரிந்து, அதைக் கிழித்துவிடும். ஆள் உயரத் தண்ணீரிலும் இது நேரலாம்.

எனவே, பயிற்சி இல்லாதவர்கள் இதை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டாம். சிறுவர்கள் கையில் கொடுக்கவே கூடாது. இது விளையாட்டுப் பொருள் அல்ல!