இரண்டு ஊரும் ஓர் இடாப்பும்

தில்லையடி என்றதும் தமிழ்நாட்டில் தரங்கம்பாடியை அடுத்த ஊரும், தென்னாப்பிரிக்க அறப்போரில் சிறை சென்று 1914-இல் உயிர் நீத்த வள்ளியம்மையும் மாணவர்க்கு நினைவில் எழுதல் இயல்பே. நாம் இங்குக் கூறப் புகுவது வேறொரு தில்லையடி. இலங்கையின் மேற்குக் கரையில், புத்தளம் நகரை அடுத்து, கடலேரியின் உவர்க்காற்று வீசும் சிற்றூர் அது. வடமாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் கிடுகுக் கொட்டில் கட்டிக் குடியேறிய இடங்களுள் ஒன்று.

"ஊர் வம்பு நமக்கேன்? தானுண்டு தன் வேலையுண்டு என்றிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை" என்று பெரியோர் சொல்லக் கேட்காத வீடு எது? யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் தையல் தைத்தோரும் இரும்பு வாணிகம் செய்தோரும், மன்னார்க் கரையில் வலை வீசியோரும் பெரும்பாலும் அவ்வாறே வாழ்ந்தனர். இளைஞர் சிலர் தமிழ் இயக்கங்களிற் சேர்ந்ததும் உண்டு. ஆயினும் பெரும்பாலோர் எப்பக்கமும் சாராது ஒதுங்கியே இருந்தனர்.

அவ்வொதுக்கம் அவர்களைக் காக்கவில்லை. 1990 அக்டோபரில் வடக்கைவிட்டு நீங்குமாறு விடுதலைப் புலிகள் ஆணையிட்டனர். மன்னார் மக்களுக்குச் சில நாள் தவணை கிடைத்தது. யாழ்ப்பாணத்தார்க்கு அக்டோபர் 30-ஆம் நாள் இரண்டே மணி நேரம். ஏறத்தாழ 75,000 பேர் வீடு, கடை, தோட்டம் அனைத்தையும் விட்டு நீங்கினர். மன்னாரார் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். யார் எப்பக்கம் நின்றார் என்று எவரும் வினவவில்லை. பிறப்பே பக்கமாகக் கொள்ளப்பட்டது. அது ஓர் அரசியல் தவறு என்று 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் கூட்டத்தில் அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த சொல் அது!

1976-இல் அணிசேரா நாடுகளின் மாநாடு கொழும்பில் பெருஞ்சிறப்புடன் கூடியது. நாடு ஒன்று நடுநிலை வகித்தால் அதனைக் காக்க எல்லையும் படையும் தூதரும் உண்டு. தெருவோரத் தையற்காரருக்கு என்ன உண்டு?

அவரிடம் எஞ்சியது வாக்காளர் இடாப்பில் ஒரு பெயர். அதுவும் எளிதான உடைமையாக இருக்கவில்லை. புத்தளத்தார் முதலிற் பள்ளிவாயிலையும் பாடசாலையையும் திறந்துவிட்டு, சோறாக்கிப் போட்டவர்கள். அந்நன்றி இன்றும் மறக்கப்படவில்லை. ஆனால், விருந்து ஆண்டுக்கணக்கில் நீண்டபோது, குடிநீருக்கும் கூலி வேலைக்கும் பாடசாலை இடத்திற்கும் போட்டி எழுந்தது. பெயரைப் புத்தளத்திற் பதிந்தால், வடக்கே விட்டுவந்த மண்ணின்மீதுள்ள உரிமை கைநழுவுமோ, நிவாரணம் நின்றுபோகுமோ என்ற அச்சம். பதியாவிட்டால், பிள்ளைகள் பிறந்து வளரும் ஊரிலே என்றும் அகதி என்ற பெயர். தந்தை மன்னாரென்பார், இங்கேயே பிறந்த மகன் புத்தளமென்பான். தேர்தல் காலத்தில் மட்டுமா இப்பேச்சு? கிராம சேவகர் படிவத்தோடு படலையைத் திறக்கும்போதெல்லாம் எழுந்திருக்கக்கூடிய பேச்சன்றோ இது! எதையும் தேராமல் இருப்பதென்பது இவர்களுக்கு வாய்க்கவே இல்லை. படிவத்தை வெறுமையாக விடினும் அதற்கும் ஒரு விளைவு உண்டு.

போரினால் இடம்பெயர்ந்தோர் தம் பழைய ஊரிலேயே வாக்காளராகப் பதிய வழிசெய்யும் சிறப்புச் சட்டம் ஒன்று 2013-இல், வரையறுத்த காலத்திற்கென, இயற்றப்பட்டது. சில தேர்தல்களில் இவர்களுக்கெனப் புத்தளத்திலேயே வாக்குச்சாவடி அமைந்ததும் உண்டு.

2019 நவம்பர் 16-ஆம் நாள் சனாதிபதித் தேர்தல். மன்னார் இடாப்பிற் பெயருள்ளோர் நூற்றுக்கு மேற்பட்ட பஸ் வண்டிகளில் புத்தளத்திலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். அநுராதபுர மாவட்டத்துத் தந்திரிமலையில் வீதியை மறித்து டயர்களைக் கொளுத்தியிருந்தனர். வண்டிகள்மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது. நல்ல வேளையாக எவருக்கும் காயமில்லை. பொலிசார் வந்து தடையை அகற்றினர். வண்டிகள் திரும்பவில்லை, பொலிஸ் காவலுடன் மன்னார் சென்றன.