விருந்தோம்பல் படிப்பு: வீட்டு அடுப்பில் எழுதிய தேர்வு

ஆசிரியர்களே, எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் "டீச்சர், ஹோட்டல் படிப்பு எடுக்கலாமா?" என்று நம்மிடம் கேட்பது புதிதல்ல. ஆனா பெருந்தொற்றுக்குப் பிறகு பெற்றோரும் சேர்ந்து கேட்கிறாங்க: "மறுபடியும் எல்லாத்தையும் மூடிட்டா?"

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கு. 2020 'மலேசியாவுக்கு வருகை புரியும் ஆண்டாக' இருந்திருக்க வேண்டியது. மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அந்தப் பிரச்சாரமும் நின்றது. 2019-இல் 26 மில்லியன் சுற்றுப்பயணிகள் வந்தார்கள். 2020-இல் வந்தவர்கள் 4.3 மில்லியன்தான்.

பல்கலைக்கழகங்களும் இயங்கலைக்கு மாறின. சந்தைப்படுத்துதல், கணக்கு போன்ற பாடங்களை ஓரளவு சமாளித்துவிட்டார்கள். சிக்கல் செய்முறைப் பாடத்தில்தான். விரிவுரையாளர் செய்துகாட்டும் காணொலியைப் பார்த்து, மாணவர் வீட்டு அடுப்பில் சமைத்து, பதிவுசெய்து அனுப்ப வேண்டும். வெங்காயம் ஒரே அளவில் வெட்டப்பட்டதா என்பது திரையில் தெரியும். உப்பு கூடிப்போனது தெரியுமா? வீட்டில் ஓவன் இல்லாத பிள்ளை ரொட்டிக்கு என்ன செய்யும்? பரிமாறும் பயிற்சி இன்னும் மோசம். கோபமாக இருக்கும் விருந்தினரைத் தம்பி தங்கையை உட்கார வைத்துப் பழக முடியாதே!

தொழிற்பயிற்சியும் அடிபட்டது. சில ஹோட்டல்கள் மூடிக்கிடந்தன, சில தனிமைப்படுத்தும் மையங்களாயின. பயிற்சி தள்ளிப்போனது, அல்லது அதற்குப் பதில் எழுத்துப்பணி கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், அந்த ஆண்டுகளில் படித்தவர்களுக்கு ஏற்பட்ட பெரிய இழப்பு இதுதான்.

ஆனா எல்லாமே நட்டம் இல்லை. கத்தி பிடிக்கும் முறையைக் காணொலியில் பத்துத் தடவை பார்த்துவிட்டு வரும் மாணவருக்கு, சமையலறை நேரம் முழுவதும் கைப்பழக்கத்துக்கே கிடைக்கும். அப்படி ஒரு கலப்பு முறைக்கு வழி திறந்தது. சுகாதாரம், நெருக்கடி மேலாண்மை, உள்நாட்டுச் சுற்றுலா ஆகியவற்றுக்கும் முன்பைவிடக் கூடுதல் கவனம் வந்தது.

2022 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை திறந்தாச்சு. ஆகவே, அடுத்த முறை உங்க மாணவர் கேட்டால் "வேண்டாம்பா" என்று ஒரே வார்த்தையில் முடிச்சிடாதீங்க. கல்லூரியின் திறந்த நாளுக்குப் போகும்போது மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்க: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சமையலறையில்? தொழிற்பயிற்சி எத்தனை மாதம், எங்கே? ஹோட்டல் மூடினால் அதற்கு மாற்று என்ன? மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால், அடுத்த கல்லூரியையும் போய்ப் பார்க்கட்டும்.