தனுஷ்கோடிக்கு ஜீப் தேவையா? கணினியைக் கேளுங்கள்!

நத்தத்தில் இருக்கும் எங்களுக்குத் தனுஷ்கோடி என்றால் மதுரை, ராமநாதபுரம் தாண்டிப் போகும் பயணம். வாடகை வண்டி பேசும் முன் இணையத்தில் தேடினேன். ஃபோர் வீல் டிரைவ் ஜீப் இல்லாமல் மணலைக் கடக்க முடியாது என்றே பல பக்கங்கள் கூறின.

பொய்யல்ல, பழைய செய்தி. 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்தபின், பல ஆண்டுகள் ஜீப்புகளும் வேன்களும்தான் மணலில் ஆட்களை ஏற்றிச் சென்றன. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. இன்று சாதாரணக் காரே போதும்.

கூகுளில் தேடியபின் 'டூல்ஸ்' கிளிக் செய்து, 'எனி டைம்' என்பதில் 'பாஸ்ட் இயர்' தேர்ந்தெடுங்கள். பழைய பக்கங்கள் பெரும்பாலும் விலகிவிடும். கூகுள் எர்த் புரோ (இலவசம்தான்) நிறுவியிருந்தால், கடிகாரப் படத்தை அழுத்தி 2017க்கு முந்தைய, பிந்தைய படங்களை ஒப்பிடுங்கள். என் பிள்ளைகள் ஒரு மணி நேரம் மௌஸை விடவில்லை!

நீங்களே ஓட்ட வாடகைக்கு எடுப்பதானால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கானது. அதை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பதும் சந்தேகம். சந்தேகம் வந்தால் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து, எந்த வகையில் பதிவாகியுள்ளது என்று பார்க்கலாம். முன்பணம் அனுப்புவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.