குக்குலு: பாலையில் அருகிவரும் செடி

இராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்திலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும், பாறையும் மணலும் கலந்த வறண்ட நிலத்தில் குக்குலு என்னும் முட்புதர் வளர்கிறது. ஆள் உயரமோ அதனினும் சற்று மிகுதியாகவோ வளரும் இச்செடியின் கிளைகள் கோணலாக வளைந்து, நுனியில் முள்ளாக முடியும். பட்டை மெல்லிய தாள்போல் உரியும். ஆண்டின் பெரும்பகுதி இலையின்றி நிற்பதால், பார்ப்பவர் இதனைப் பட்டுப்போன செடி என்றே எண்ணுவர். மழை பெய்ததும் சிறு இலைகள் துளிர்க்கும்.

கொங்கு நாட்டு மேய்ச்சல் நிலங்களில் உயிர்வேலியாக நிற்கும் முள்கிளுவை, குக்குலுவின் நெருங்கிய உறவுச் செடியாகும். குக்குலுவின் அறிவியல் பெயர் காமிபோரா வைட்டி. சென்னை மாகாணத்தில் பல்லாண்டுகள் தாவரங்களை ஆராய்ந்த இராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவரைச் சிறப்பிக்க இடப்பட்ட பெயர் அது.

பட்டையில் காயம் பட்டால் குக்குலு ஒருவகைப் பிசினை வடித்துக் காயத்தை மூடிக்கொள்ளும். செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் இப்பிசினே அதற்குக் கேடாகவும் முடிந்தது. நறுமணமுள்ள இப்பிசினை மக்கள் தொன்றுதொட்டுத் தூபமாகவும் மருந்தாகவும் பயன்படுத்தினர். 1966ஆம் ஆண்டில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் சத்தியவதி, இது முயல்களின் இரத்தக் கொழுப்பைக் குறைப்பதாகக் கண்டார். அதன்பின் மருந்து நிறுவனங்களின் நாட்டம் இதன்மேல் திரும்பியது. 2003இல் அமெரிக்காவில் மனிதரிடம் நடந்த ஆய்வு அப்பயனை உறுதிசெய்யவில்லை. ஆயினும் பிசினுக்கான தேவை நீங்கவில்லை.

செடி பிசின் தரும் பருவம் எய்த ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆகும். முதிர்ந்த செடியில் ஆழமின்றிக் கீறினால் சிறிதளவே பிசின் கிடைக்கும், செடியும் பிழைத்திருக்கும். எடைக்கு ஏற்பக் கூலி பெறும் ஏழை மக்களோ அவ்வளவு காலம் பொறுக்க இயலாதவர்கள். ஆழமாக வெட்டி, வேதிப்பொருளைத் தடவினால் பிசின் பன்மடங்கு வடியும். ஆனால் அச்செடி விரைவில் காய்ந்துவிடும்.

அழிந்த செடிக்கு ஈடாகப் புதிய செடி தோன்றுவதும் எளிதன்று. பெரும்பாலான விதைகள் மகரந்தச் சேர்க்கையின்றியே உருவாகின்றன. அவற்றுள் சிலவே முளைக்கின்றன. முளைத்த கன்றுகளும் தாய்ச்செடியின் படிகளாகவே அமைவதால், ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கக்கூடும். கட்ச் பகுதியில் சீமைக் கருவேலமும் பரவி இடத்தைப் பறிக்கிறது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015இல் குக்குலுவை மிக அருகிய இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. ஓர் இனம் இயற்கையிடத்தில் முற்றிலும் அழிவதற்கு முந்தைய நிலை இது.

விதை கைவிட்டாலும் தண்டு கைகொடுக்கிறது. கிளுவைப் போத்தை நட்டு வேலி வளர்ப்பதுபோல், குக்குலுவின் தண்டை வெட்டி நட்டாலும் வேர்பிடிக்கும். இம்முறையில் கன்றுகள் வளர்க்கப்படுகின்றன. எனினும் அவை முதிரும்வரை, சந்தையின் தேவையைக் காட்டில் எஞ்சியுள்ள செடிகளும் தாங்க வேண்டியுள்ளது.