ஃபோர் வீல் டிராக்டர் எல்லோருக்கும் தேவையா?

'ஃபோர் வீல் டிரைவ் டிராக்டர் வாங்கலாமா சார்?' என்று கேட்பவர்களிடம், முதலில் உங்கள் மண்ணைச் சொல்லுங்கள் என்பேன். டெல்டா களிமண்ணில் சேற்றுழவு ஓட்டுபவர் தாராளமாக வாங்கலாம். முன்சக்கரமும் இழுப்பதால் வண்டி எளிதில் புதையாது. மானாவாரிச் செம்மண்காரர், பக்கத்துக் காட்டுக்காரர் வாங்கிவிட்டார் என்று கடனை ஏற்றிக்கொள்ள வேண்டாம். இப்போதுள்ள டிராக்டரின் பின்சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கியபடி 10 சுற்று ஓட்டித் தூரத்தைக் குறியுங்கள். அதே தூரத்தை உழுதுகொண்டு கடக்க 12 சுற்றுக்கு மேல் ஆனால், சக்கரம் வழுக்கி டீசல் வீணாகிறது. பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி, இரும்பு எடை மாட்டி மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வழுக்கினால் கூடுதல் விலை கொடுக்கலாம். வாங்கியவர்கள் தார்ச்சாலையில் முன் இழுவையை எடுத்துவிடுங்கள். இல்லையேல் முன் டயர் சீக்கிரம் தேயும்.