ஊதாங்குழலும் பந்தயத் துப்பாக்கியும்

மலேசியாவில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையோரம் ஒராங் அஸ்லி பழங்குடி மக்களின் கடைகள் உண்டு. தேன், பெத்தாய், பக்கத்திலேயே சாத்திவைத்த மூங்கில் குழல்கள். போன முறை ஒன்றை வாங்கிக் கியா பார்ம் வரை காரில் குறுக்காகக் கிடத்திக் கொண்டுபோனேன். தங்கிய வீட்டுப் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, “அடுப்பு ஊதவா தம்பி இவ்வளவு நீளத்துக்கு?” என்றார்.

அது ஒராங் அஸ்லிகளில் ஒரு பிரிவினரான செமாய் மக்கள் வேட்டைக்கு ஊதும் குழல். மலாயில் சும்பித்தான். இந்தக் குழலைச் செய்பவருக்கும், ஆயிரம் கஜத்துக்கு அப்பால் உள்ள இலக்கைச் சுடும் பந்தயத் துப்பாக்கியைச் செய்பவருக்கும் தலைவலி ஒன்றுதான்: குழாய் நேராகவும் இருக்க வேண்டும், ஆடாமலும் இருக்க வேண்டும்.

ஆயிரம் கஜம் என்றால் 914 மீட்டர். குழாய் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு பிசகினால், குண்டு அங்கே ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் விலகிவிடும். குழாயும் சும்மா இருப்பதில்லை. மருந்து வெடித்ததும் தட்டிய மணிபோல அதிரும். குண்டு வெளியேறும் கணத்தில் குழாயின் வாய் எந்தப் பக்கம் நிற்கிறதோ, குண்டுக்கும் அதுவே வழி. இதற்கு முதல் வைத்தியம் பருமன். உருண்டைக் கம்பியின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் எடை நான்கு மடங்காகும். வளையாமல் நிற்கும் விறைப்போ பதினாறு மடங்கு! ‘எஃப் கிளாஸ்’ போட்டியின் ஓப்பன் பிரிவில் துப்பாக்கி 10 கிலோ வரை இருக்கலாம். தோளில் போட்டுக்கொண்டு திரிய ஆகாது; படுத்துக்கொண்டு, தாங்கியில் வைத்துச் சுடத்தான். குழாய் அடிக்கட்டையில் எங்கும் உரசாதபடி மெல்லிய இடைவெளியும் விடுவார்கள்.

செமாய் கைவினைஞரிடம் எஃகும் இல்லை, கடைசல் இயந்திரமும் இல்லை. அவருக்கு மலை ஒரு மூங்கிலைக் கொடுத்திருக்கிறது. தாவரவியலார் முதலில் ‘பம்புசா ரேயி’ என்று பெயரிட்ட அந்த மூங்கிலில் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடைவெளி இரண்டு மீட்டரைத் தொடும். நடுவில் கணு இல்லையென்றால் துளைக்கும் வேலையே இல்லை. உலர்த்தி, தணலில் காட்டி, கண்ணருகே வைத்துப் பார்த்துப் பார்த்து நிமிர்த்துவார்கள். ஆனால் மெல்லிய குழல் தன் எடையிலேயே தொய்யும். எனவே அதைச் சற்றுப் பெரிய இன்னொரு மூங்கிலுக்குள் செருகிவிடுவார்கள். உள்ளே இருப்பது நேர்த்திக்கு, வெளியே இருப்பது விறைப்புக்கு. அதே பருமன் கணக்கு, அதிக எடை இல்லாமல்! எனக்கென்னவோ 10 கிலோ இரும்பைவிட இதுதான் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. போர்னியோவில் வேறு வழி: கெட்டி மரத்தை இரும்புக் கம்பியால் துளைத்துக் குழலாக்குவார்கள்.

குழல் ஏன் இவ்வளவு நீளம்? நம் மூச்சின் அழுத்தம் மிகக் குறைவு. முழு மூச்சாய் ஊதினாலும் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தச் சிறு தள்ளலை நீண்ட தூரம் கொடுத்தால்தான் அம்பு வேகம் பிடிக்கும். காற்று ஒழுகாமல் இருக்க அம்பின் அடியில் நெட்டியால் ஒரு கூம்பு. எட்டும் தூரம் இருபது முப்பது மீட்டர். மீதி வேலை அம்பு முனையில் தடவும் ஈப்போ மரத்துப் பாலுடையது. இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஈப்போ நகரத்துக்குப் பெயர் கொடுத்த மரம் இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இது உண்டு. அங்கே மரவுரி என்பார்கள்.

மரம் மட்டுமல்ல, குழலும் நமக்குப் புதிதல்ல. ஊதிக் குறிவைக்கும் குழலுக்குத் தமிழில் சுங்குத்தான் என்று பெயர். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்திய ஊதுகுழல்களைப் பற்றி 1924-இல் ஒரு கட்டுரையே எழுதினார். சுங்குத்தான், சும்பித்தான் இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

சாலையோரத்தில் நீங்களும் ஒன்று வாங்குவதானால், முதலில் குழலை வானத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். உள்சுவரில் தெரியும் ஒளி வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நடுவில் நின்றால் குழல் நேர். துப்பாக்கிக் குழாயைச் சோதித்த பழைய கொல்லர்களும் இப்படித்தான் பார்த்தார்கள். வளையங்கள் ஒரு பக்கம் ஒதுங்கினால், வீட்டுச் சுவரில் மாட்ட மட்டும் வாங்குங்கள்.