எல்.இ.டி.க்கு எத்தனை ஓம் வேண்டும்?

மாணவர்களே! அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி செய்யும் ஒருவர், 9 வோல்ட் மின்கலத்துடன் சிவப்பு எல்.இ.டி. விளக்கை நேராக இணைக்கிறார் எனக் கொள்வோம். விளக்கு ஒரு கணம் மிகப் பளிச்சென ஒளிரும்; பின்பு அணைந்துவிடும். மீண்டும் எரியாது.

இஃது ஏன்? பழைய குண்டு விளக்கின் டங்ஸ்டன் இழை, சூடேறச் சூடேறத் தன் மின்தடையைத் தானே கூட்டிக்கொள்ளும். எல்.இ.டி.யின் இயல்பு வேறு. சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டில் ஒளிரும். அதற்குமேல் மின்னழுத்தம் சிறிதே உயர்ந்தாலும் மின்னோட்டம் பன்மடங்கு பெருகும். சாதாரண 5 மில்லிமீட்டர் விளக்கோ 20 மில்லிஆம்பியர் அளவையே தாங்கவல்லது. ஆகவே, மின்னோட்டத்தை மட்டுப்படுத்த வழியில் ஒரு மின்தடையாக்கி வேண்டும். (மின்தடை என்பது பண்பு, மின்தடையாக்கி என்பது அப்பண்பை உடைய பொருள். இரண்டையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள்.)

இனி, கணக்கு. 9 வோல்ட்டில் விளக்கின் பங்கு 2 போக, மீதி 7 வோல்ட் மின்தடையாக்கியின் பங்கு. ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827ஆம் ஆண்டு வெளியிட்ட விதிப்படி, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். 20 மில்லிஆம்பியர் என்பது 0.02 ஆம்பியர். எனவே, 7 ÷ 0.02 = 350 ஓம்.

ஆனால், தில்லி லஜ்பத்ராய் சந்தையிலோ மும்பை லாமிங்டன் சாலையிலோ 350 ஓம் கேட்டால் எளிதில் கிடைக்காது. வழக்கமாக விற்பவை 330, 390 போன்ற அளவுகளே. எதனை வாங்குவது? 330 எனில் மின்னோட்டம் 21 மில்லிஆம்பியரைத் தாண்டும், எல்லை மீறிவிடும். 390 எனில் ஏறத்தாழ 18தான். ஒளி சற்றே குறையும். கண்ணுக்கு அவ்வேறுபாடு அநேகமாகப் புலப்படாது. ஆகவே, கணக்கில் வந்த விடைக்கு அடுத்த பெரிய அளவையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆரஞ்சு, வெள்ளை, பழுப்பு வளையங்கள் 390 ஓமைக் குறிக்கும். அதில் வெப்பமாக மாறும் திறன் ஏறத்தாழ 0.13 வாட், எனவே, கால் வாட் வகையே போதும்.

எல்.இ.டி.யின் நீண்ட கால், மின்கலத்தின் நேர்முனைப் பக்கம் இருத்தல் வேண்டும். மின்தடையாக்கியை விளக்குக்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். தொடர் இணைப்பில் எங்கும் ஒரே மின்னோட்டமே பாயும். வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரத்தில் மட்டும் இதனை ஒருபோதும் செய்து பார்க்கக் கூடாது.

பயிற்சி: வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. அதே 9 வோல்ட் மின்கலத்துடன் இணைக்க எந்த மின்தடையாக்கியை வாங்குவீர்கள்? காரணத்தை இரண்டு தொடர்களில் எழுதுக.